தேமல்னு நினைச்ச வெள்ளைத் திட்டு

இன்னைக்கு நாம பேசப்போறது டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் பத்தி. பேரைக் கேட்டு டிபின்னு நினைச்சுடாதீங்க, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. 'டியூபர்'னா கிழங்கு. 1880-ல, பாரிஸ்ல பூர்ன்வீல் என்ற மருத்துவர், வலிப்பு நோயால இறந்துபோன ஒரு பெண்ணோட மூளையில கிழங்கு மாதிரி கெட்டியான முடிச்சுகளைப் பார்த்தார். அதனால வந்த பேர்.

6,000 முதல் 10,000 குழந்தைகள்ல ஒருத்தருக்கு இது வருது. கருவுல மேல்தோலும் மூளையும் ஒரே அடுக்கிலிருந்துதான் உருவாகுது. மூளையில இருக்கிற பிரச்சினைக்கான துப்பு தோல்லயே கிடைக்கிறது அதனாலதான்.

அந்தத் துப்பு, இலை வடிவத்துல வெளிறிய திட்டு. ரொம்ப வெளுப்பான குழந்தைன்னா, உட்ஸ் லாம்ப்னு ஒரு ஊதா விளக்கை இருட்டுல அடிச்சாதான் தெரியும். நம்ம மாநிறத்துக்கு வெறும் கண்ணே போதும். ஆனா நாமதான் தேமல்னு சொல்லி விட்டுடறோமே! அதேசமயம், ஒரு திட்டைப் பார்த்ததும் பதற வேண்டாம். ஒண்ணு ரெண்டு ஆரோக்கியமான குழந்தைக்கும் இருக்கும். 5 மில்லிமீட்டருக்குக் குறையாத திட்டு மூணோ அதுக்கு மேலயோ இருந்தாதான் முக்கிய அறிகுறின்னு கணக்கு.

இதுல நேரம் ஏன் முக்கியம்? நாலஞ்சு மாசக் குழந்தை தூங்கி எழுந்ததும் தலையை முன்னாடி சாய்ச்சு, கையை விரிச்சு, ஒரு நொடி விறைக்கும். சில நொடி விட்டு மறுபடியும். இப்படியே வரிசையா வரும். வீட்ல, "தூக்கிவாரிப் போடுது, பயந்திருக்கு"ன்னு சொல்வாங்க. இல்லன்னா வயித்துவலின்னு ஓமத் தண்ணி கொடுப்பாங்க. அது ஒருவகை வலிப்பா இருக்கலாம். நாள் தள்ளிப்போனா குழந்தையோட வளர்ச்சியே பின்தங்கிடும். விகாபாட்ரின்னு ஒரு மருந்து இதுக்கு நல்லா வேலை செய்யுது. டாக்டர் முன்னாடி குழந்தை சமர்த்தா சிரிச்சுட்டு இருக்கும். அதனால போன்ல வீடியோ எடுத்துட்டு அன்னைக்கே போங்க.

அங்கே இஇஜி, மூளைக்கு எம்ஆர்ஐ, இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எடுப்பாங்க. மரபணுப் பரிசோதனையும் உண்டு. ஆனா, நோய் இருந்தும் பத்துல ஒருத்தருக்காவது அதுல எதுவும் சிக்காது. அப்போ தோல்லயும் ஸ்கேன்லயும் தெரியுறதை வெச்சுத்தான் உறுதி செய்வாங்க.

பெற்றோரோட தோலையும் டாக்டர் பார்ப்பார். மூணுல ரெண்டு பங்கு குழந்தைகளுக்கு இது பரம்பரையா வர்றதில்ல, புதுசா ஏற்படுற மரபணு மாற்றம்தான். மீதிப் பேர்ல, அம்மாவோ அப்பாவோ மூக்கைச் சுத்தி இருக்கிற சின்னச் சின்னக் கட்டிகளைப் பருன்னு நினைச்சு வருஷக்கணக்கா கிரீம் தடவிட்டு இருந்திருக்கலாம்.