வேகமாக வாசித்தால் போதுமா?

'படகு கரை சேர்ந்தது' என்ற வரியை ஒன்றாம் வகுப்புக் குழந்தை 'ப... ட... கு...' என்று எழுத்துக் கூட்டி வாசிக்கிறது. கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் நழுவிவிடுகிறது. நம் கவனம் அளவானது. எழுத்தை அடையாளம் காண்பதிலேயே அது செலவாகிவிட்டால் பொருளுக்கு மிஞ்சாது என்று 1974-இல் லாபெர்ஜ், சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் விளக்கினார்கள். எழுத்துகள் தடையின்றி வேகமாக வர, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசிக்கும் பயிற்சி அதனால்தான் அவசியமாகிறது.

அப்படியானால் வேகம் வந்ததும் பொருளும் தானாக விளங்கிவிடுமா என்று கேட்கலாம். விளங்காது. 1986-இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிதல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். கதை சொல்வதும் பேசுவதும் படிக்கிற நேரத்தை வீணாக்காதா என்று பெற்றோர் கவலைப்படலாம். வீணாகாது, அந்தப் பெருக்கலின் மறுபாதியான கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் அங்கேதான் வளர்கிறது. ஆகவே, இன்று உங்கள் பிள்ளை ஒரு பக்கம் வாசித்து முடித்ததும் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்க்காதீர்கள். கதையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால், கூட உட்கார்ந்து பேசுங்கள்.