அறுபத்தாறு வயதில் அரிச்சுவடி

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"அங்கிள், நீங்கள் கொரியன் படிக்கிறீர்களாமே, ஏன்?" என்று லிஃப்டில் கேட்காதவர்கள் நம் பிளாக்கில் குறைவு. தரைத்தளத்திலிருந்து மூன்றாவது மாடி போவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் செயலாளர் பேசச் சொன்னதும் ஒப்புக்கொண்டேன்.

நான் பி.காம். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் குமாஸ்தா. எனக்குத் தெரிந்த வேற்று மொழி லெட்ஜர்தான். என் மகன் வேலைக்காகக் கொரியா போனதும், அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை என்பதும் தெரியும். முதுகுவலி என்று சொல்லியிருந்தேன். முதுகில் ஒன்றுமில்லை. பதினொரு மாதம் அவனோடு பேசாமல் இருந்தேன். பேத்தி பிறந்த பிறகு என் மனைவி போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவ்வளவுதான், வீம்பு முடிந்தது.

பேத்தியோடு பேச பாஷை தேவைப்படவில்லை. பிரச்சினை சம்பந்தியிடம். அவர் தேஜோன் என்ற ஊரில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீடியோ காலில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பத்து நிமிஷம் சிரிப்போம். அவர் தலை குனிவார், நான் கை கூப்புவேன். வாய் வலிக்கும். கல்யாணத்துக்கு வராத மனிதன் என்று என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ என்ற உறுத்தல் வேறு. அதைச் சரிசெய்ய எனக்கு நாலு வாக்கியமாவது வேண்டியிருந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ராஜா அண்ணாமலைபுரத்தில் இன்கோ சென்டர் இருக்கிறது. 2006-லிருந்து இந்திய, கொரியக் கலாசாரத்துக்காக இயங்கும் அமைப்பு, கொரிய மொழியும் கற்றுத்தருகிறார்கள். இணையத்திலும் பாடங்கள் கிடைக்கின்றன. நான் சேர்ந்த ஆரம்ப வகுப்பில் பாதிக்கு மேல் பி.டி.எஸ். பாட்டுக்காக வந்த காலேஜ் பெண்கள். முதல் நாள் என்னை வாத்தியார் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்கள்.

எழுத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். செஜோங் என்ற ராஜா 1443-இல் உருவாக்கி 1446-இல் மக்களுக்கு வெளியிட்ட எழுத்து அது. அதுவரை சீன எழுத்துதான். படித்தவர்களுக்கு மட்டுமே வசப்பட்டது. இன்று மொத்தம் 24 எழுத்து. க என்பதற்கு நாக்கின் அடி எழும்புகிற வடிவம், ம என்பதற்கு வாய் போல ஒரு சதுரம், ச என்பதற்குப் பல். உயிரையும் மெய்யையும் ஒரே கட்டத்துக்குள் அடுக்கி ஒரு அசையாக எழுதுகிறார்கள். உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நாகேஸ்வர ராவ் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. அர்த்தம் தெரியாது, அது வேறு.

இலக்கணம் இன்னும் சுலபம். இங்கிலீஷில் "நான் போகிறேன் பள்ளிக்கு" என்று புரட்டவேண்டும். கொரியனில் நம் வரிசைதான்: நான், பள்ளிக்கு, போகிறேன். வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். நாம் "சாப்பிட்டுப் பார்" என்கிறோமே, அதில் "பார்" என்பதற்குக் கண்ணால் பார்ப்பது அர்த்தமில்லை. அவர்களும் அதே "பார்" என்ற வினையைச் சாப்பிடுவதோடு ஒட்டி அதே அர்த்தத்தில் சொல்கிறார்கள். வகுப்பில் இதைக் கேட்டதும் நான் மேஜையைத் தட்டிவிட்டேன். சந்திகூட உண்டு. ஜகத், நாதன் சேர்ந்தால் ஜகந்நாதன் ஆகிறதல்லவா? அங்கே "சிப்" என்றால் பத்து, "மன்" என்றால் பத்தாயிரம், சேர்ந்தால் "சிம்மன்". அது நம் லட்சம்.

இந்த இடத்தில் வங்கிக்காரன் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதில்லை, பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுகிறார்கள். நம் பன்னிரண்டு லட்சம் அவர்களுக்கு நூற்றிருபது "மன்". பத்துக் கோடிக்கு "ஒக்" என்று தனிச்சொல். போதாததற்கு இரண்டு எண் வரிசை. பணத்துக்குச் சீன வழி எண், வயதுக்குச் சொந்த எண். கடிகாரத்தில் மணிக்கு ஒன்று, நிமிஷத்துக்கு மற்றது! தினம் காலையில் கபாலி கோயில் குளத்தைச் சுற்றும்போது மணியும் நிமிஷமும் சொல்லிப் பழகுகிறேன். யாராவது பார்த்து நான் தனியாகப் பேசிக்கொள்வதாக என் மனைவியிடம் சொல்லியிருந்தால், காரணம் இதுதான்.

கஷ்டம் உச்சரிப்பில். நிலா, மகள், முகமூடி மூன்றும் என் காதுக்கு "தல்" என்றே விழுகின்றன. முதலாவது மெல்ல, இரண்டாவது அழுத்தி, மூன்றாவது மூச்சை ஊதி. உங்கள் மகள் மிக நல்லவள் என்று சொல்லப்போய், உங்கள் நிலா மிக நல்லது என்று சம்பந்தியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அம்மாவுக்கு "ஒம்மா", அப்பாவுக்கு "அப்பா", புல்லுக்கு "புல்", நாளுக்கு "நல்". உடனே தமிழிலிருந்துதான் கொரியன் வந்தது என்று நம் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஹல்பெர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் நூறு வருஷத்துக்கு முன்பே இரண்டையும் ஒப்பிட்டுப் புத்தகம் எழுதினார்; மொழியியல்காரர்கள் ஏற்கவில்லை. கடல் கடந்து போய்க் கொரிய ராஜாவை மணந்த ஹோ ஹ்வாங்-ஓக் ராணி நம்மூர்ப் பெண் என்பதும் அப்படித்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் புத்தகம் அவள் ஊரை "அயுதா" என்று மட்டும் சொல்கிறது. அயோத்தி என்கிறார்கள் சிலர், கன்னியாகுமரிப் பக்கம் என்கிறார்கள் சிலர். எனக்கு உறவு நிரூபிக்க ராணி வேண்டாம், மருமகள் போதும்.

ஆனால் ஒரு சொல் என்னை அசைத்துவிட்டது. "சம்பந்தி"க்கு இங்கிலீஷில் சொல்லே கிடையாது. கொரியனில் இருக்கிறது: "சாதோன்". அந்த உறவுக்கென்று தனிப்பெயர் வைத்த ஜனங்கள்! அங்கேயும் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் மிகுந்த மரியாதையோடுதான் பழகவேண்டும். பேச்சிலும் படிப்படியாக மரியாதை உண்டு. சாதத்துக்கு "பப்" என்றால், பெரியவர் சாப்பாட்டுக்கு "சின்ஜி" என்று வேறு சொல். கடைசியில் "யோ" சேர்க்காவிட்டால் ஒருமை.

நம்மைப் போலவே அவர்களுக்கும் "சாப்பிட்டாச்சா" என்பதுதான் நலம் விசாரிப்பு. அதனால் அதையே முதல் வாக்கியமாகத் தேர்ந்தெடுத்து மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். போன் வந்தது. பதற்றத்தில் "சின்ஜி" மறந்து "பப்" வந்தது, "யோ" போயே போய்விட்டது. அதாவது, கல்யாணத்துக்கு வராத நான், முதன்முதலாக வாய் திறந்து சம்பந்தியைக் கேட்டது: "என்னடா, சோறு தின்னியா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் முகம் வெளுத்தது. சம்பந்தி ஒரு நொடி விழித்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "உங், மொகொஸ்ஸொ" என்றார். "ம்ம், தின்னேன்டா" என்று பொருள். அவரும் ஒருமையிலேயே! அங்கே பால்ய நண்பர்கள்தான் அப்படிப் பேசிக்கொள்வார்கள். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை அதே கேள்வி, அதே பதில். முதுகு எப்படி இருக்கிறது என்றும் கேட்கிறார். இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. அதற்கான இறந்தகாலம் இப்போதுதான் நடக்கிறது.

பொங்கலுக்குச் சம்பந்திகள் வருகிறார்கள், இரண்டு வாரம் நம்மோடு இருப்பார்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். எது கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுங்கள், அவர்களும் அப்படித்தான் வாங்குவார்கள். 1998 வாக்கில் இருங்காட்டுக்கோட்டை கார் தொழிற்சாலைக்கு வந்த கொரியர்கள் எங்கள் கவுண்டரில் இரண்டு கையால் செல்லானை நீட்டும்போது நான் ஒரு கையால் வெடுக்கென்று வாங்கிப் போட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அடுத்தது, நாய்க்கறி பற்றி யாரும் கேட்கவேண்டாம். என்னிடமே நம் கட்டடத்தில் ஆறு பேர் கேட்டுவிட்டார்கள். 2024 ஜனவரியில் அவர்கள் நாடாளுமன்றமே அதைத் தடை செய்யச் சட்டம் நிறைவேற்றிவிட்டது, 2027-இல் முழுமையாக அமலாகிறது. சம்பந்தி வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. சோபாவில் அவருக்கு இடம் விடுவதில்லை. கிம்ச்சி கொண்டுவந்து கொடுத்தால் சைவக்காரர்கள் மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், அதில் பெரும்பாலும் இறாலோ மீன் சாறோ சேரும்.

வணக்கத்துக்கு "அன்யோங்ஹசேயோ". கொஞ்சம் தலை குனிந்து சொன்னால் போதும். கீழே வாட்ச்மேனுக்குப் போன வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டேன். என்னைவிட நன்றாகச் சொல்கிறார், "யோ"வை விடுவதேயில்லை.