சொந்த ஊரை எதிர்த்த இயக்குநர்



இயக்குநர் கே. சுப்ரமணியம் என்றதும், வெள்ளைக்காரன் தடை போட்ட படத்தை எடுத்தவர் என்போம். சரிதான். ஆனால் வெள்ளைக்காரனுக்கு முன்பே அவர்மேல் பாய்ந்தவர்கள் சொந்தச் சாதிக்காரர்கள்!

1904-ல் பாபநாசத்தில் பிறந்தவர், வக்கீல். 1934-ல் 'பவளக்கொடி' எடுத்தார். நடிகர் தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம். அப்படியே புராணப் படங்களாக எடுத்துத் தள்ளியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. மனுஷர் சும்மா இருந்தாரா? 1937-ல் 'பாலயோகினி' எடுத்தார். விதவையை மூலையில் உட்கார வைக்கும் வழக்கத்தையும் சாதியையும் ஒரு குழந்தையை விட்டுக் கேள்வி கேட்டார். விதவை வேடத்துக்கு நிஜமாகவே கணவனை இழந்த பிராமணப் பெண்ணையே நடிக்க வைத்தார். வைதீகர்கள் கொதித்தார்கள், அவரைச் சாதியை விட்டே விலக்கினார்கள். ஜனங்களோ, பிறந்த பெண் குழந்தைகள் பலருக்கு அந்தப் படத்துக் குழந்தை நட்சத்திரம் பேபி சரோஜாவின் பெயரை வைத்தார்கள்!

1939-ல் 'தியாகபூமி'. கதை எழுத்தாளர் கல்கியுடையது. ஒரு காட்சி சொல்கிறேன். கைவிட்டுப் போன புருஷன், மனைவி பணக்காரி ஆனதும் சேர்ந்து வாழ வரச்சொல்லி வழக்குப் போடுகிறான். கோர்ட்டில் நிற்கும் மனைவி சாவித்திரி மசியவில்லை. சேர்ந்து வாழ முடியாது, வேண்டுமானால் அவருக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். இன்றைக்கு ஒரு பெண் அப்படிச் சொன்னாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

காந்தியம் பேசிய அந்தப் படம் ராஜாஜி மந்திரிசபை இருந்தவரை தடையில்லாமல் ஓடியது. அக்டோபரில் மந்திரிசபை ராஜினாமா, கவர்னர் ஆட்சி, பின்னாலேயே தடை. தடை வருகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் டிக்கெட் இல்லாமல் படம் காட்டினார்கள். கூட்டம் அலைமோத, போலீஸ் தடியடி நடத்தியது.

அந்தத் தடியடியைச் சொன்னால் நாம் கைதட்டுவோம். எதிரி வெளியூர்க்காரன், அதனால் சுலபம். ஆனால் படத்தில் சாவித்திரியின் அப்பா சம்பு சாஸ்திரி செய்த குற்றம் என்ன? புயலடித்த நேரத்தில் சேரி ஜனங்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். ஊர் தள்ளிவைத்தது.

2015 சென்னை வெள்ளத்தில் நம் பெருங்குடிப் பக்கமும் எத்தனையோ கதவுகள் திறந்தன. தண்ணீர் வடிந்த பிறகு? வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி லிஃப்ட் ஒதுக்கும் அடுக்குமாடிகள் இந்தச் சென்னையில் இல்லையா? சொல்லுங்கள்!

குடியிருப்போர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். 'தியாகபூமி' பிரதி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. முயற்சி எடுத்து இங்கே திரையிடுங்கள். வீட்டு வேலை செய்யும் அக்காக்களையும் வாட்ச்மேன் அண்ணன்களையும் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். யாராவது முகம் சுளித்தால், அவரை விட்டுவிடாதீர்கள். பக்கத்திலேயே ஒரு நாற்காலி போடுங்கள். அவசியம் பார்க்க வேண்டியவர் அவர்தான்.