தாதியும் தாயத்தும்

(தென்காசியில் நடந்த சுயமரியாதைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் நோயாளியின் நம்பிக்கையும் தாதியின் கடமையும் என்பதாகும். இதில் சுயமரியாதைக்காரன் பேசுவதற்கு என்ன இருக்கிறது, மூடநம்பிக்கையை ஒழியுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்து கொள்ளலாமே என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். மேடைக்கு எதிரில் திடமாய் உட்கார்ந்திருப்பவனோடு வாதாடுவதானால் அது சரிதான். ஆனால் 103 டிகிரி காய்ச்சலில் கட்டிலில் கிடக்கிறவனிடம் எப்படி வாதாடுவது? அவன் மணிக்கட்டில் ஒரு தாயத்து இருக்கிறது. அந்தக் கையைப் பிடிக்க வந்த தாதி முதலில் தாயத்தை அறுப்பதா, நாடியைப் பார்ப்பதா?

நாடியைத்தான் பார்க்க வேண்டும் என்கிறேன். தாயத்துக்குச் சக்தி இருக்கிறது என்பதற்காக அல்ல. அதை அறுத்த மறுநிமிஷம் அவன் தாயார் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு மந்திரவாதி வீட்டுக்குப் போய்விடுவாள் என்பதற்காக. அப்புறம் நாடியும் இல்லை, தாயத்தும் இல்லை.

இங்கிருந்து மூன்று மைலில் குற்றாலம் இருக்கிறது. சீசன் வந்துவிட்டால் ஜனங்கள் சந்தோஷமாய்க் குளிக்க வருகிறார்கள்; வரட்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் கையைக் கட்டி இழுத்து வரப்பட்ட ஒருவனையோ, தலைவிரிகோலமாய் நடுங்கிக் கொண்டு நிற்கும் ஒரு பெண்ணையோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். சித்தம் கலங்கினவர்களை அருவியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. மலையில் மூலிகைகள் இருக்கின்றன, தண்ணீர் அவற்றைத் தழுவி வருகிறது என்று அதற்கு ஒரு காரணமும் சொல்லுகிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் அரைமணி நேரம் அடிபட்டவன் ஓய்ந்து போய்ச் சற்று நேரம் சும்மா உட்காரத்தான் செய்வான். அதைப் பார்த்துத் தெளிந்துவிட்டது என்கிறார்கள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே மறுபடியும் ஆரம்பமாகிவிடுகிறது. மூலிகைதான் குணம் செய்கிறதென்றால், அருவிக்கரையிலேயே வருஷம் முழுவதும் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதியும் வரக்கூடாதல்லவா?

இந்த நம்பிக்கையின் அடுத்த படியை ஏர்வாடியில் பார்த்தோம். தர்காவை நம்பிக் கொண்டு வந்து விடப்பட்டவர்களைத் தனியார் ஒருவர் நடத்திய கொட்டகையில் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் அந்தக் கொட்டகை தீப்பிடித்தது. கால் கட்டப்பட்டவன் எங்கே ஓடுவான்? 28 பேர் மாண்டார்கள். மனக் கொந்தளிப்பை அடக்கும் குளோர்புரோமசின் என்னும் மருந்து 1952-லேயே பிரெஞ்சு தேசத்து ஆஸ்பத்திரிகளில் உபயோகத்துக்கு வந்துவிட்டது. அதற்கு 49 வருஷம் கழித்து நம் நாட்டில் மனிதர்களைச் சங்கிலியோடு எரித்தோம். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக்கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் திட்டமாய்ச் சொல்லுகிறது.

ஆனால் இதற்குப் பரிகாரம் என்ன? தர்காவையும் அருவியையும் பூட்டிவிட்டால் அந்த ஜனங்கள் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்களா? வரமாட்டார்கள், வேறொரு சாமியாரைத் தேடிப் போவார்கள். குஜராத்தில் உனாவா என்ற ஊரில் மீரா தாதார் தர்காவுக்குள்ளேயே மனநல வைத்தியர்கள் போய் உட்கார்ந்தார்கள். முஜாவர் துவா ஓதி முடித்ததும் "அந்த அறைக்கும் போய்விட்டு வா" என்று அனுப்பி வைக்கிறார். அங்கே மாத்திரை கிடைக்கிறது. இது எனக்குப் பிடித்தமான ஏற்பாடல்ல. தர்காவின் பெருமைக்கு சர்க்கார் வைத்தியரே விளம்பரம் செய்வதாக ஆகிவிடுகிறது என்று தோழர்கள் ஆத்திரப்படுவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மாத்திரை உள்ளே போகிறவன் காலில் சங்கிலி ஏறுவதில்லை. முதலில் அது நடக்கட்டும். புத்தி தெளிந்த பிறகு துவாவால் தெளிந்ததா மாத்திரையால் தெளிந்ததா என்று அவனோடு நாம் சாவகாசமாய்ப் பேசிக் கொள்ளலாம். தெளிந்தவனோடுதானே பேச முடியும்?

அமெரிக்காவில் மாடலின் லீனிங்கர் என்று ஒரு அம்மாள் இருந்தார், 2012-ல் காலமானார். அவர் தாதி வேலையும் படித்து, மனித சமூகங்களின் பழக்க வழக்கங்களை ஆராயும் சாஸ்திரமும் படித்தவர். ஒவ்வொரு ஜனக்கூட்டத்துக்கும் நோயைப் பற்றித் தனித்தனி எண்ணங்கள் இருக்கின்றன, அவை இன்னவென்று அறியாத தாதி அரை வேலைதான் செய்ய முடியும் என்பது அவர் சித்தாந்தம். சில வழக்கங்களை அப்படியே விட்டுவிடலாம், சிலவற்றைக் கொஞ்சம் வளைத்துக் கொள்ளலாம், சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும் என்று மூன்று வழி சொன்னார். இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் வீட்டுக் கிழவி முறத்தை எடுத்தால் அரிசியை வைத்துக் கொள்ளுகிறாள், நொய்யைக் கஞ்சிக்கு ஒதுக்குகிறாள், கல்லைப் பொறுக்கி எறிகிறாள். அந்த வேலைதான்.

அம்மை கண்ட வீட்டைப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகுகிறார்கள், வெளியார் உள்ளே வருவதில்லை, குழம்பு தாளிப்பதில்லை. ஆத்தாள் வந்திருக்கிறாள் என்பது பொய். ஆனால் வேப்பிலையைக் கண்டதும் பிறத்தியார் ஒதுங்கிப் போகிறார்களே, ஒட்டுவார் ஒட்டி நோய்க்கு அது நல்ல காரியந்தானே? தாதி அந்த வேப்பிலையைப் பிடுங்க வேண்டியதில்லை. வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாளா, பச்சைக் குழந்தை இருக்கிறதா, பெரியவருக்கு மூச்சு வாங்குகிறதா என்று கேட்டு, இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். "ஆத்தாள் இருக்கும்போது மருந்து கூடாது" என்பதுதான் அங்கே கல். பெரியம்மை என்ற கொடிய நோய் உலகத்தில் எங்கும் இல்லை என்று 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. கோழியும் கூழும் கொடுத்துப் போகாத அம்மை, கையில் குத்தின ஊசியால் போய்விட்டது. மாரியாத்தாளுக்கு அந்த உத்தியோகம் போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. சம்பளம் மட்டும் வருஷா வருஷம் நிற்காமல் போய்க் கொண்டிருக்கிறது!

நிற்க, பிள்ளை பெறுகிற விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இப்போது நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. இது சாமானியமான காரியமல்ல. ஆனால் கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்கு வரும்போது மாமியாரும் கூட வருகிறாள். மாமியாரோடு பரம்பரை நம்பிக்கை அத்தனையும் வருகிறது.

நம் பெண்களுக்கு இரத்தம் குறைவு. பீடி சுற்றும் தாய்மார்கள் இங்கே நிறைய வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இது தெரியும். சர்க்காரில் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் அது அடுக்குப்பானைக்குள் போய்விடுகிறது. கேட்டால், "அது சூடு, வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாய்ப் போகிறது, பிள்ளையும் கறுப்பாய்ப் பிறக்கும்" என்கிறார்கள். அதிகாரமாய்ப் பேசுகிற தாதி "முட்டாள், சாப்பிடு" என்கிறாள். அவளும் "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போய் மாத்திரையைத் தெருவில் எறிகிறாள். கெட்டிக்காரத் தாதி என்ன செய்கிறாள்? "சூடுதானே? எலுமிச்சம்பழச் சாறோடு சாப்பிடு, குளிர்ச்சி" என்கிறாள். எலுமிச்சை குளிர்ச்சி என்பது அவள் நம்பிக்கை. எலுமிச்சையில் இருக்கும் 'சி' சத்து இரும்பை உடம்பில் நன்றாய்ச் சேர வைக்கிறது என்பது சாஸ்திரம். இரண்டும் ஒரே டம்ளரில் முடிந்துவிட்டது. புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன இந்த ஜில்லாவில் அதற்குப் பஞ்சமா? காப்பி, டீயோடு மட்டும் அந்த மாத்திரையைச் சாப்பிடக்கூடாது. மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பு, பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதையும் சொல்லி அனுப்ப வேண்டும். பிள்ளை கறுப்பாய்ப் பிறந்தால்தான் என்ன குடி முழுகிப் போயிற்று என்பது வேறொரு நாள் பேச வேண்டிய பேச்சு.

பிள்ளை பிறந்ததும் 'சேனை' வைக்கிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. யாராவது நல்ல குணமுள்ள பெரியவர் விரலால் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுப் பிள்ளை நாக்கில் வைப்பார்; அவர் குணம் பிள்ளைக்கு வருமாம். வருவது பெரும்பாலும் அவர் நகத்து அழுக்குத்தான். தேனில் ஒருவகை விஷக் கிருமியின் வித்து இருக்கக்கூடும். அதனால் ஒரு வயது வரையில் தேன் கூடவே கூடாது. இன்னொரு பக்கம், முதலில் சுரக்கிற மஞ்சளான சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுகிறார்கள். நோயைத் தடுக்கும் சத்து நிறைந்த பால் அதுதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் கிராமத் தாதி ஒருவர் செய்வதைக் கேளுங்கள். சேனை வைக்க வந்த பாட்டியிடம் சண்டை போடுவதில்லை. "ஆச்சி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள், பிள்ளையை நீங்களே எடுத்து உங்கள் கையால் தாய் மாரில் வையுங்கள், அதுதான் சேனை" என்கிறார். பாட்டிக்கும் கௌரவம் கிடைத்தது, பிள்ளைக்கும் சீம்பால் கிடைத்தது. இதைவிடப் பெரிய பிரசாரத்தை நான் ஒன்றரை மணி நேரம் பேசியும் செய்துவிட முடியாது.

வளைக்க முடியாதவைகளும் உண்டு. தொப்புள் புண்ணில் சாம்பலோ சாணமோ வைப்பது கொலை. வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்குத் தோஷம் என்று சொல்லித் தாய்ப்பாலையும் தண்ணீரையும் நிறுத்துவது கொலை. ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் தலை தட்டின சின்னக் கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. அதைக் கொஞ்சங் கொஞ்சமாய்ப் புகட்டினால் பிழைக்கிற உயிர் அது. 1971-ல் வங்காள தேச அகதிகள் முகாமில் காலரா வந்தபோது திலீப் மகாலனாபிஸ் என்ற டாக்டர் இந்த மாதிரித் தண்ணீரைக் கொண்டுதான் ஏராளமான பேரைக் காப்பாற்றினார். பிரசவித்தவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் நாக்கு வறளப் போடுவதும், நல்ல நட்சத்திரம் பார்த்து, மாதம் நிறையும் முன்னே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கச் சொல்லுவதும் இந்த ஜாபிதாவைச் சேர்ந்தவைதான். பின்னதைச் செய்கிறவர்கள் படிக்காத பாமரர்கள் அல்ல. காரில் வந்து இறங்குகிற பட்டதாரிகள்! மூச்சுத் திணறுகிற குழந்தைக்கு எந்த நட்சத்திரம் மூச்சுக் கொடுக்கும்?

மற்றொன்று. பெண்ணைப் பெண்தான் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிற வழக்கம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் பிரசவ ஆபத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் டாக்டர் தயாராயிருந்தார். ஆண் கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் செத்தார்கள். வழக்கம் பிழைத்துக் கொண்டது. அதைக் கண்ட டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர், அந்தப் புருஷர்களைத் திட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தாமே டாக்டராகி வந்து, 1918-ல் வேலூரில் பெண்களுக்கு வைத்தியப் பள்ளிக்கூடம் வைத்தார். வழக்கத்துக்கு இடம் கொடுத்ததாலேயே பெண்கள் படித்தார்கள், சம்பாதித்தார்கள், வெளியே வந்தார்கள்.

அந்த வேலூர் ஆஸ்பத்திரியில்தான் பெரியார் 1973 டிசம்பர் 24-ந் தேதி காலமானார். கடவுள் இல்லை என்று ஆயுள் முழுவதும் சொன்னவருக்கு ஏசுவின் பேரால் நடக்கிற ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடந்தது. நம்மவருக்கு அந்த மரியாதை சரி என்றால், நெற்றியில் விபூதியோடு வருகிறவனுக்கும், நோன்பு மாதத்தில் இன்சுலின் ஊசியை எந்த வேளையில் போடுவது என்று கேட்க வருகிற கடையநல்லூர்த் தாய்க்கும் அதே மரியாதையை எந்த நியாயத்தைக் கொண்டு மறுப்பது?

ஆனால் ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுக்கக்கூடாது. 1885-ல் சென்னையில் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அதன் பேரே 'ஜாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும்' என்பதாகும். இன்றைக்கு அது திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. கோஷாப் பெண்ணுக்கு மறைவு கொடுத்தது சரி. அவள் வெட்கத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஜாதிப் பெண்ணுக்குத் தனி இடம் என்றால், ஜாதியில்லாதவள் என்று தள்ளப்பட்டவளின் மேல் தீட்டு இருக்கிறது என்று ஆஸ்பத்திரியே ஒப்புக் கொண்டதாகிவிடவில்லையா? ஒருத்தியின் நம்பிக்கை இன்னொருத்தியைக் கீழே தள்ளுமானால் அது நம்பிக்கை அல்ல, அக்கிரமம். பிள்ளையை வெளியே எடுத்துத் தொப்புள் அறுத்துக் கொடுத்த மருத்துவச்சியைத் தீட்டுக்காரி என்று திண்ணைக்குக் கீழே நிற்கவைத்துப் படி நெல் அளந்த தேசம் இது. இரத்தம் உன்னுடையது, தீட்டு அவளுக்கா?

இது நோயாளியோடு நின்றுவிடவும் இல்லை. நர்ஸ் அம்மாள் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று சுற்றி வளைத்துக் கேட்கிற நோயாளி இருக்கிறான். காலனித் தெருவுக்கு வந்தால் வாசலிலேயே நின்று, கர்ப்பிணியைத் தெருவுக்கு வரச் சொல்லி, எட்ட நின்று எழுதிக் கொண்டு போகிற தாதியும் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நோயாளியின் தாயத்தைப் பார்க்கிறார்களே தவிர, தாதியின் தலைக்குள் இருக்கும் தாயத்தைப் பார்ப்பதில்லை. தாதிப் பள்ளிக்கூடங்களில் முதலில் அதைச் சோதனை போட்டுவிட்டுப் பிறகு ஊசி போடக் கற்றுக் கொடுக்கட்டும்.

மணி ஒன்பதரை ஆகிவிட்டது. செங்கோட்டைப் பக்கம் போக வேண்டிய தோழர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். இங்கு வந்திருக்கும் செவிலியர்கள் இரண்டொருவர் ஏதோ கேட்க வேண்டும் என்று சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். மேடைக்கு வந்தே கேட்கலாம். நான் சொன்னதை மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் அவர்களுக்கு அடுத்தபடியாக வரும்படி கேட்டுக் கொள்ளுகிறேன்.