நீதிபதியைத் தெரிந்தெடுப்பவர் யார்?

(விவசாயிகள், ஆசிரியர்கள், சட்டத்தரணிகள் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காணி வழக்குக்காக மாவட்ட நீதிமன்றப் படியேறாத குடும்பம் நம் ஊர்களில் அரிது. வரம்புத் தகராறு, பங்கு வழக்கு என்று தவணை தவணையாக அலைந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் எதிராளியே அவ்வழக்குக்கு நீதிபதியைத் தெரிந்தெடுக்கலாம் என்றால் ஒப்புவீர்களா? இந்நாட்டு அரசாங்கம் ஒருமுறை அப்படியே ஒரு சட்டம் செய்தது.

1962 ஜனவரியில், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தனர் என்று பொலிஸ், படை அதிகாரிகள் பலர் கைதாயினர். அவர்களுக்காகக் கண்ணீர் சிந்த நாம் இங்கு கூடவில்லை. அவர்கள்மீது ஏவப்பட்ட 1962ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தையே நாம் நோக்க வேண்டும். செயல் நடந்த பின்னர் பிறந்த சட்டம் அது. காவலில் பெற்ற வாக்குமூலங்களைச் சாட்சியமாக்கியது; யூரிமாரை விலக்கியது; ஆகக் குறைந்த தண்டனை பத்தாண்டுச் சிறை என்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, விசாரிக்கும் மூன்று நீதியரசர்களை நீதி அமைச்சரே பெயர் குறிக்கலாம் என்றது.

அமைச்சர் பெயர் குறித்தவர்கள் ரீ. எஸ். பெர்னாண்டோ, எல். பி. டி சில்வா, ஸ்ரீஸ்கந்தராசா ஆகிய மூவர். அவர்கள் செய்தது என்ன? நீதியரசரைத் தெரியும் உரிமை அமைச்சருக்கு இல்லை, ஆதலால் இவ்வழக்கைக் கேட்க எமக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். தம்மை அமர்த்திய ஆணையையே செல்லாததாக்கிய நீதிபதிகள் எத்தனை பேரை நாம் கண்டிருக்கிறோம்? பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. நீதியரசர்கள் விசாரித்துப் பதினொருவரைக் குற்றவாளிகளாகக் கண்டனர். 1965 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் அத்தீர்ப்பையும் தள்ளியது. நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது, பாராளுமன்றம் அதனைப் பறிக்க முடியாது என்பதே அதன் முடிவு.

இன்று நிலைமை என்ன? நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நியமிப்பது பிரதம நீதியரசர் தலைமையிலான நீதிச் சேவை ஆணைக்குழு. உயர் நீதிமன்ற நீதியரசர்களை சனாதிபதி நியமிக்க, அரசியலமைப்புப் பேரவை அங்கீகரிக்க வேண்டும். ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடே.

ஆனால் கோமறைக் கழகத்தின் வாசல் 1971இல் அடைபட்டது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி, சபாநாயகர் சான்றுரை இட்ட சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது. சட்டமூலமாக இருக்கும் சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தால் உண்டு, தவறினால் இல்லை. அடுத்த ஆண்டிலேயே, 1979இல், பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது என்பது நமது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. உதவிப் பொலிஸ் அத்தியட்சரும் அவருக்கு மேற்பட்டோரும் பதியும் ஒப்புதல் செல்லும் என்று புதிய சட்டம் அதனை மாற்றியது. அது வலுக்கட்டாயமாகப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையும் சிறையிலிருக்கும் இளைஞன் தலையிலேயே விழுந்தது. 1962இல் அதிகாரிகளுக்கு விரித்த வலையை ஒத்ததே இது. ஆனால் இம்முறை அறுத்தெறிய நீதிமன்றத்தின் கையில் கத்தி இல்லை.

ஆகவே இங்குள்ள சட்டத்தரணிகளை நாம் கேட்பது இதுதான்: வர்த்தமானியில் சட்டமூலம் வெளிவந்த அன்றே அதன் தமிழ்ப் பிரதியைப் பெறுங்கள், வாசித்து ஊருக்குச் சொல்லுங்கள். மனுவில் ஒப்பமிட எந்தப் பிரசைக்கும் உரிமை உண்டு. வயலில் நிற்கும் நீங்களும் அதில் ஒப்பமிடலாம்.