நட்பும் இராஜதந்திரமும்



அந்நிய நாட்டுத் தலைவர் ஒருவர் நமக்குச் செவிசாய்க்கத் தயங்கினால், அவருக்கு வேண்டிய ஒருவரைப் பிடித்துவிட்டாற் போதும், காரியம் கைகூடிவிடும் என்று நம்புவோர் நம்மிடையே பலர். தூதுக்குழு புறப்படுமுன் எழும் முதற் கேள்வி, "அவரை அறிந்தவர் யார்?" என்பதே. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய் என்பதை ஒரு வரலாற்று நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய விரும்புகின்றேன்.

பலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1947 நவம்பர் 29இல் நிறைவேற்றியது. அமெரிக்கா ஆதரித்து வாக்களித்தது. ஆயினும் அதன் இராஜாங்கத் திணைக்களம் பின்வாங்க முனைந்தது. ஜனாதிபதி ட்றூமனோ யூத இயக்கத்தாரின் ஓயாத நெருக்குதலாற் சினமுற்று, அவர்களின் தலைவர்களைக் காண மறுத்துவிட்டார். முதுபெருந் தலைவர் வைஸ்மன் நோயுற்ற உடலோடு நியூயோர்க்கிற் காத்துக் கிடந்தார்.

அப்பொழுது அவர்கள் தேடிப் பிடித்தவர் எடி ஜாக்கப்சன். அரசியல்வாதியல்லர், கன்சாஸ் நகரத்து உடைக்கடைக்காரர். முதலாம் உலகப் போர்க் காலத்திற் படைமுகாமிலே ட்றூமனோடு சேர்ந்து சிற்றுண்டிச்சாலை நடத்தியவர். 1919இல் இருவரும் கூட்டாகக் கடை திறந்தனர். 1922இல் அது நொடித்தது. கூட்டு வியாபாரம் முறிந்தும் நட்பு முறியவில்லை. நம்மூரில் இது அபூர்வம்!

1948 மார்ச் 13ஆம் திகதி ஜாக்கப்சன் வெள்ளை மாளிகைக்குச் சென்றார். பலஸ்தீனப் பேச்சை எடுக்கவே வேண்டாமென்று எச்சரிக்கப்பட்டிருந்தும் எடுத்தார். ட்றூமன் கடுஞ்சொற்களைக் கொட்டினார். அறையில் ட்றூமன் போற்றிய அண்ட்ரூ ஜாக்சனின் சிறு சிலை ஒன்று இருந்தது. அதனைச் சுட்டிக்காட்டி, ஜாக்சன் உமக்கு எப்படியோ வைஸ்மன் எனக்கு அப்படி என்றார் நண்பர். ஜனாதிபதி சாளரத்துக்கு வெளியே பார்த்தபடி மௌனமாயிருந்தார், பின்னர் இணங்கினார்.

ஜாக்கப்சன் கேட்டது யாது? சட்டத்தரணியின் கண்ணுக்கு இதுவே முக்கியம். அவர் தீர்ப்பைக் கேட்கவில்லை. வழக்கைக் கேளும் என்றார். படலையைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். வாதாட வேண்டியவர் வைஸ்மன்.

மார்ச் 18இல் வைஸ்மன் பத்திரிகைகளுக்குத் தெரியாமல் அழைத்துச் செல்லப்பட்டு, ஆறுதலான மொழி பெற்று மீண்டார். மறுநாளே பாதுகாப்புச் சபையில் அமெரிக்கப் பிரதிநிதி ஒஸ்ரின், பிரிவினைக்குப் பதிலாகத் தற்காலிக நம்பிக்கைப் பொறுப்பாட்சியைப் பிரேரித்தார்! ட்றூமன் கொதித்தார். தலைவரின் மனம் ஒரு பக்கம், உத்தியோகத்தரின் பேனா மறு பக்கம். மே 12இல் இராஜாங்கச் செயலாளர் மார்ஷல் ஜனாதிபதியின் முகத்துக்கு நேரேயே எதிர்த்தார். மே 14இல் இஸ்ரேல் பிரகடனமாகி 11 நிமிடங்களில் அமெரிக்கா அதனை அங்கீகரித்ததென்றால், அதற்குள் அங்கீகரிப்பதற்கென ஒரு நிருவாகமும் படையும் அங்கே இருந்தன. அமெரிக்காவுக்கு அது தேர்தல் ஆண்டுங்கூட.

இந்த நிகழ்ச்சியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. பலஸ்தீன அராபியருக்கு அந்த அறையிற் பழைய தோழன் எவனும் இருக்கவில்லை. அந்தப் போரில் அவர்களில் 7 இலட்சம் பேர் வரையில் வீடிழந்தனர். அவர்கள் நின்ற இடத்தில் நின்று பார்ப்பது தமிழராகிய நமக்குக் கடினமன்று.

ஆகவே, தூதுக்குழு அமைப்போர் வேண்டியவரைத் தேடட்டும், தடையில்லை. அவர் திறக்கும் படலைக்குள் கொண்டுபோக நம் கையில் என்ன இருக்கிறது? காணி உறுதிகளையும், இழந்த வயல்களின் விபரங்களையும் கிராமந்தோறும் திரட்டும் வேலை அரைகுறையாய்க் கிடக்கின்றது. விவசாயப் பெருமக்கள் உறுதிகளை எடுத்து வாருங்கள். சட்டத்தரணிகளாகிய நாம் அவற்றைப் படித்து ஒழுங்குபடுத்துவோம்.