மாசி வீதியில் கரிசல்காட்டுச் சுவடு



அருப்புக்கோட்டையிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் நாள்தோறும் எத்தனையோ பேர் காரியாபட்டி வழியாக மதுரைக்குப் பஸ் ஏறுகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், கோர்ட்டுக்குப் போகிறோம், கல்யாண ஜவுளி எடுக்கப் போகிறோம். நேரம் கிடைத்தால் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். மதுரைத் தெருக்கள் நமக்கு அத்துப்படி என்ற நினைப்பும் இருக்கிறது. எந்தக் கடையில் எது மலிவு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். அந்தக் கடைக்கு மேலே உள்ள மாடியில் யார் இருந்தார், என்ன நடந்தது என்று கேட்டால்தான் பதில் வராது.

இன்று பேச எடுத்துக்கொண்டது மரபு நடை. ஊரின் ஒரு பகுதியை விவரம் தெரிந்தவரோடு கூட்டாக நடந்து பார்த்து, அதன் வரலாற்றையும் கலையையும் தெரிந்துகொள்ளும் பழக்கம். மதுரையில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 2010-ல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று தொடங்கிய 'பசுமை நடை'. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் பேசப்பட்டு, சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்ற காலம் அது. மலையைக் காக்க வேண்டுமானால் மலையில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? விடிகாலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் மலையேறினார்கள். சமணர் படுகைகளையும் பழைய தமிழி எழுத்துக் கல்வெட்டுகளையும் சாந்தலிங்கம், வேதாசலம் போன்ற தொல்லியல் அறிஞர்கள் அந்தப் பாறைமேலேயே நின்று விளக்கினார்கள். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகக் கிடந்த சங்கதி, கையால் தொடக்கூடிய எழுத்தாக எதிரே நின்றது. இந்த இயக்கத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

மலை நடை பெற்ற அந்த முதிர்ச்சியை நகரத் தெருவில் நடக்கும் நடைகள் இன்னும் பெறவில்லை என்பது என் எண்ணம். கோயில், திருமலை நாயக்கர் மஹால், விளக்குத்தூண் என்று பார்த்ததும் பெரும்பாலும் நடை முடிந்துவிடுகிறது. அரசன் பெயரும் ஆண்டும் சொன்னால் போதும் என்று வழிகாட்டுபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். பாறை பேசாது, அதற்காக அறிஞர் பேசலாம். தெருவில் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வாய் இருக்கிறது, அவர்களைப் பேசவிட வேண்டும்.

மதுரையின் அமைப்பே நடந்து பார்க்க ஏற்றது. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, அதற்கும் அப்பால் வெளி வீதி. மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையில் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், பிளாக்பர்ன் என்ற ஆட்சியர் காலத்தில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையை முன்னின்று செய்தவர்களின் பெயரைத்தான் இந்த இரண்டு வீதிகளும் தாங்கியிருக்கின்றன. விளக்குத்தூணும் அந்த ஆட்சியர் நினைவாக நிறுத்தியதே. மாசி வீதியிலிருந்து வெளி வீதி வரை நிதானமாக நடந்தால், மதிலுக்குள் இருந்த நகரம் வெளியே பரவிய கதை முழுவதையும் கடந்துவிடலாம்.

மேல மாசி வீதியில் ஒரு மாடி இருக்கிறது. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது அங்கேதான். மேலே துணியில்லாமல் உழுதவர்களும் கூலிக்குப் போனவர்களும் அவர் மனத்தை உறுத்தியிருந்தார்கள். அப்படிப்பட்ட உழவர்கள் நிறைந்த பூமி நம்முடையது. ஜவுளி எடுக்க அந்த வீதிக்குப் போகிற நாம் ஒரு முறையாவது தலையை நிமிர்த்தி அந்த மாடியைப் பார்க்க வேண்டும்.

இந்தத் தெருக்களில் நம் வானம் பார்த்த பூமியின் ஆட்களை நான் தேடிப் பார்த்திருக்கிறேன். எத்தனை பேர் கிடைக்கிறார்கள் தெரியுமா! அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் வழியில் பாலவநத்தம் இருக்கிறதே, அந்தப் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். நூலகம், அச்சகம், பண்டிதத் தேர்வு, 'செந்தமிழ்' இதழ் எல்லாம் அங்கே வளர்ந்தன. மதுரையில் ஒரு சாலைக்கே தமிழ்ச் சங்கம் ரோடு என்று பெயர். சொற்பொழிவுக்காக மதுரை வந்த தேவர் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டு, ஊரில் பிரதி கிடைக்காமல் மனம் நொந்துதான் சங்கம் கண்டார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. நடை நடத்துபவர் அதை வழங்கிவரும் செய்தி என்றே சொல்ல வேண்டும். 1901 என்ற ஆண்டுக்கு ஆவணம் உண்டு. இரண்டையும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போனால் கேட்பவருக்கு எது உறுதி, எது கேள்வி என்று தெரியாமல் போய்விடும்.

எட்டயபுரத்துப் பாரதி 1904-ல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த சேதுபதி பள்ளி வெளி வீதியில் இன்றும் நடக்கிறது. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், தகப்பனார் சுந்தரமய்யர் 1892-ல் காலமான பிறகு மதுரைக்குச் சிற்றப்பா வீட்டுக்கு வந்தார். கோயிலின் தெற்குக் கோபுரத்துக்கு அருகே சொக்கப்ப நாயக்கன் தெருவில் அந்த வீடு. அதன் மாடி அறையில் 1896 ஜூலையில், பதினாறு வயதில், மரண பயம் பற்றிக்கொள்ள, அதையே விசாரித்து, வேறு ஆளாக எழுந்தார் அந்தப் பிள்ளை. அடுத்த மாதக் கடைசியில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுவிட்டார். ரமண மகரிஷி என்று உலகம் சொல்வது அவரைத்தான். திருச்சுழியில் அவர் பிறந்த வீட்டையும் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நம் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை ஏன் அப்படி அழைத்துப் போவதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

எல்லாவற்றையும்விட நமக்கும் மதுரைக்கும் நெருங்கிய உறவு நாடகத்தால் ஆனது. பங்குனிப் பொங்கலுக்கு நம் ஊர்களில் வள்ளி திருமணம் போடாத இடம் குறைவு. இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் முழங்க ஆரம்பித்தால் விடியும்வரை ஓடும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லோரையும் தனித்தனியாகப் பேசி ஒப்பந்தம் செய்து, மேடையில் ஒன்றுசேர்ப்பதுதான் ஸ்பெஷல் நாடகம். முன்னொத்திகை கிடையாது. ஒருவர் ஓர் ஊர், இன்னொருவர் வேறோர் ஊர். மேடையேறிய பிறகுதான் முகம் பார்ப்பார்கள். ஆனாலும் வள்ளிக்கும் வேடனுக்கும் தர்க்கம் பிசிறில்லாமல் மணிக்கணக்கில் போகும். எல்லோருக்கும் பொதுவாக சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாடம் மனத்தில் இருக்கிறது, அதனால் நடக்கிறது. சுவாமிகள் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது மதுரையில். நாடக நடிகர்களுக்குச் சங்கமும் மதுரையிலேயே அமைந்தது. ஊர்த் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் அங்கே போய்ப் பேசி, தேதி வாங்கி, போட்டோ போட்ட நோட்டீஸ் அடித்துக்கொண்டு வருவார்கள்.

வள்ளி திருமணத்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்தபடியே 1940 டிசம்பர் 31-ல் சென்னை மேடையில் உயிர்விட்ட விசுவநாத தாஸ், நம் பக்கத்துச் சிவகாசியில் பிறந்தவர். புராண நாடகத்துக்கு நடுவே விடுதலைப் பாட்டைப் பாடிப் பலமுறை சிறைக்குப் போனவர். நம் கிராமத்துப் பொட்டல் மேடைக்கும் நாட்டு விடுதலைக்கும் இருந்த தொடர்பு அவ்வளவு நேரடியானது. இந்தக் கதைகளைச் சொல்லாத மதுரை நடையை நான் அரைகுறை என்றே சொல்வேன்.

மேல அனுமந்தராயன் கோயில் தெருவில், வீணை வித்வான் சண்முகவடிவின் மகளாக 1916-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்து வளர்ந்த வீட்டின் முகப்பில் வீணை வடித்திருக்கிறார்கள். அங்கே கொஞ்சம் நின்று போகலாம். மஹாலைச் சுற்றியுள்ள சௌராஷ்டிரர் தெருக்களில் அதிக நேரம் நிற்கலாம். சுங்குடிச் சேலையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. பெண்கள் கையால் ஆயிரக்கணக்கில் முடிந்து, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் பிரிப்பார்கள். பாவும் தறியும் பார்த்து வளர்ந்த அருப்புக்கோட்டைக்காரருக்கு அந்தத் தெருக்கள் அந்நியமாகத் தோன்றாது. நூல் விலை ஏறினால் இரண்டு ஊரிலும் ஒரே பேச்சுத்தான்.

நல்ல நடை எது என்று கேட்டால், என் அளவுகோல் எளியது. நாலு தெருவுக்கு மேல் போகக் கூடாது. கூட்டம் முப்பது பேரைத் தாண்டினால் பின்னால் வருபவருக்குக் காது எட்டாது. தொழில் செய்பவர் வாசலில் நின்று அனுமதி கேட்காமல் படம் எடுப்பது பெரும் தவறு. முடிச்சுப் போடும் அம்மாவை வேடிக்கைப் பொருளாக்காமல், அவரையே அன்றைக்கு ஆசிரியராக்க வேண்டும். அவர் வேலை கெட்ட நேரத்துக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

இந்த வேலையை மதுரையோடு நிறுத்த வேண்டியதில்லை. நம் அருப்புக்கோட்டையில் சொக்கலிங்கபுரம் இருக்கிறது, திருநகரம், வெள்ளக்கோட்டை, புளியம்பட்டி இருக்கின்றன. தேவாங்கர், சாலியர், நாடார் சமூகத்தார் தங்கள் உழைப்புப் பணத்தில் கட்டிய பள்ளி கல்லூரிகள் இருக்கின்றன. கைத்தறி விசைத்தறியாக மாறியதைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களும் வரலாற்று ஆசிரியர்களும் மனம் வைத்தால் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரு தெரு என்று ஆரம்பித்துவிடலாம். பெரியவர்கள் பேசுவதைச் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், சொன்னவர் பெயரையும் தேதியையும் எழுதிவையுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாடக நோட்டீஸோ, தறிக்கணக்கு நோட்டோ, கோயில் வரவுசெலவுப் புத்தகமோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.